மலை விட்ட வழி

சென்னையிலிருந்து கேரளத்துக்கு ரயிலில் போகிறவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவார்கள். போத்தனூர், மதுக்கரை, எட்டிமடை, வாளையார் என்று நிலையங்கள் பின்னால் போகும். வலப்பக்கம் மலை நெருங்கி வரும், இடப்பக்கம் எட்டத்தில் இன்னொரு மலை நீலமாகத் தெரியும். வண்டி மட்டும் சமதரையில் ஓடுவதுபோல ஓடிக்கொண்டிருக்கும். சற்று நேரத்தில் பாலக்காடு வந்துவிடும். நடைமேடையில் பேச்சு மலையாளத்துக்கு மாறியிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் எப்போது ஏறினோம், எப்போது இறங்கினோம்?

ஏறவே இல்லை. தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் கன்னியாகுமரிவரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடர் இந்த ஓர் இடத்தில் அறுந்து கிடக்கிறது. 1863-இல் மும்பையிலிருந்து புனே பக்கம் ரயிலை ஏற்ற, ‘போர் காட்’ (Bhor Ghat) என்ற மலைச்சரிவில் 25 சுரங்கங்கள் குடைய வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் ரயிலுக்குப் பல்சக்கரம் வேண்டியிருக்கிறது. 1862-இலேயே சென்னையையும் மலபார்க் கரையின் பேப்பூரையும் இணைத்துவிட்ட ரயில் பாதைக்கோ இப்படி எந்தப் பாடும் இல்லை.

மலைகள் எப்படி எழுகின்றன என்பது ஒரு கதை. ஒரு மலை எப்படிக் காணாமல் போகிறது என்பது அதைவிடச் சுவையான கதை. பாலக்காட்டுக் கணவாயை எடுத்துக்கொண்டால், அந்தக் கதையோடு இரண்டாயிரம் ஆண்டுச் சாலை வரலாறும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

கணவாய் என்று சொல்லலாமா?

கணவாய் என்றதும் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே வண்டி ஒன்று நுழையும் அளவு சந்து நினைவுக்கு வரும். பாலக்காட்டுக் கணவாய் அப்படிப்பட்டதல்ல. அதன் அகலம் மட்டுமே 25, 30 கிலோமீட்டர் இருக்கும். வடக்கே நீலகிரி, அதன் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலைத் தொகுதி. அங்கே ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் கணவாயின் தரையோ பெரும்பகுதி 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஊர்களும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த அகன்ற பள்ளம் அது.

தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது மற்ற இடங்களில் மலையில் மோதி மழையைக் கொட்டிவிட்டு ஓய்ந்துபோகிறது. இங்கே தடையில்லாமல் உள்ளே பாய்கிறது. ஆடி மாதத்தில் கோவையில் அடிக்கும் சிலுசிலுக் காற்றும், பல்லடம், உடுமலை வட்டாரங்களில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளும் இந்தத் திறப்பின் புண்ணியம்.

இவ்வளவு பெரிய பள்ளத்தைத் தோண்டியது யார்? ஆறு என்று சொல்லத் தோன்றும். கணவாயில் மேற்கு நோக்கி ஓடுவது பாரதப்புழை. கிழக்குப் பக்கம் வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கும் நொய்யல். இரண்டுமே இந்தப் பள்ளத்தோடு ஒப்பிட்டால் சிறிய ஆறுகள். ஆறுகள் மண்ணை அள்ளிக்கொண்டு போயிருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த இடத்தில் மட்டும் அள்ளுவது எப்படி அவ்வளவு எளிதாக இருந்தது? இதற்கு விடை பாறையில்தான் இருக்கிறது.

நழுவுபட்டை

கோவை வட்டாரத்தில் கிணறு வெட்டிக் கரையில் போட்டிருக்கும் கற்குவியலில் புதிதாக உடைந்த ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக இருக்கும். நைஸ் என்று நிலவியலாளர்கள் சொல்லும் வகை இது. வரிப்பாறை என்று வைத்துக்கொள்ளலாம். வெளுத்த வரிகளில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், கறுத்த வரிகளில் பயோட்டைட் என்ற கரிய மைக்காவும் ஹார்ன்பிளண்டும் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நடுவில் செம்பழுப்பு நிறத்தில் கார்னெட் மணிகளும் கண்ணில் படும்.

இந்த வரிகள் மணலும் வண்டலும் அடுக்கடுக்காகப் படிந்து உண்டானவை அல்ல. பிசைந்த கம்பு மாவில் நாலு எள்ளைத் தூவி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து, ஒரு கையை முன்னும் மறு கையைப் பின்னுமாகத் தள்ளித் தேய்த்தால் எள் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டுக் கிடக்கும் அல்லவா? பூமிக்கடியில், பாறை வெந்து இளகியிருக்கும் ஆழத்தில், இரண்டு பெரும் பாறைத் துண்டங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்ந்தபோது இடையில் அகப்பட்ட பாறைக்கும் இதுதான் நடந்தது. இப்படி இழுபட்ட நீண்ட பகுதியை நிலவியலில் ஷியர் மண்டலம் என்பார்கள். நாம் நழுவுபட்டை என்று சொல்லுவோம்.

பாலக்காடு–காவிரி நழுவுபட்டை என்று பெயர் பெற்ற ஒன்று, கேரளப் பக்கத்திலிருந்து கிழக்கே கொங்கு நாட்டைக் கடந்து காவிரிச் சமவெளிப் பக்கம்வரை போகிறது. கணவாய் இதன் மேலேயே அமைந்திருக்கிறது. நீலகிரிப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. தெற்கே மதுரைப் பக்கத்து நிலத்துண்டமோ சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மறுபடி கடுமையாக வெந்து உருமாறியிருக்கிறது. வெவ்வேறு வரலாறு கொண்ட இரண்டு துண்டங்கள் ஒட்டிய தையல் இங்கே ஓடுகிறது என்றும், நடுவில் ஒரு காலத்தில் கடலே இருந்து மூடிக்கொண்டது என்றும் வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். மதுக்கரையிலும் வாளையாரிலும் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல் மட்டும், பழைய நீரடிப் படிவு ஒன்று வெந்து பளிங்குபோல ஆனதுதான்.

மடகாஸ்கர் தீவின் தென்பகுதியில் ரானோட்சாரா என்ற நழுவுபட்டை இருக்கிறது. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் தீவு இந்தியாவை விட்டுப் பிரிவதற்குமுன் இந்த இரண்டு பட்டைகளும் ஒரே கோடாக இருந்திருக்கலாம் என்று சிலர் வரைபடத்தைப் பொருத்திக் காட்டுகிறார்கள். பொருத்தம் முழுக்கச் சரி என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கே மறுக்க முடியாதது ஒன்று: 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் ரிக்டர் 6 அளவுக்கு ஒரு நிலநடுக்கம் வந்தது. தென்னிந்தியாவில் பதிவானவற்றில் பெரியவற்றுள் அது ஒன்று. பழைய கோடுகள் எல்லாம் உறைந்து செத்துப்போனவை என்று நினைத்துவிட வேண்டாம்.

பல்லாவரத்துக் கல்லும் கொங்கு நாட்டுக் கல்லும்

நழுவுபட்டைக்கு இரு புறமும் உயரமாக நிற்பது எது? பெரும்பாலும் சார்னோக்கைட். சென்னைக்காரர்களுக்கு இது அன்றாடம் கண்ணில் படும் கல். பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் இதுதான். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்று கண்ட தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அந்தப் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். கம்பெனி வணிகர் ஒருவர் இப்படி உலக நிலவியல் நூல்களில் எல்லாம் இடம் பிடித்துவிட்டார்.

20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில், ஏறக்குறைய நீரே இல்லாத நிலையில் உருவானது சார்னோக்கைட். படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இடைவெளியே இல்லாமல் இருக்கும். மழைநீருக்கு உள்ளே போக வழி கிடைப்பது அரிது. வரிப்பாறையில் அப்படியில்லை. அதன் வரிகள் இங்கே பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன. வரிக்கு வரி மைக்கா மெல்லிய ஏடுகளாக இருக்கிறது. நீர் அந்த ஏடுகளின் வழியே இறங்கும். இறங்கிய நீர் ஃபெல்ட்ஸ்பாரை மெல்லக் களிமண்ணாக்கும். களிமண்ணை அடுத்த மழை அடித்துப்போகும்.

மடகாஸ்கர் பிரிந்து மேற்குக் கரை உருவான நாளிலிருந்து இது நடக்கிறது. எட்டுக் கோடி ஆண்டுகளில், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு மட்டும் கூடுதலாகத் தேய்ந்தால்கூட 1,600 மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஆறு சிறியதாக இருந்தாலும் பள்ளம் பெரியதாக இருப்பது இப்படித்தான்.

ஒரு ஜோடிக் காளையும் ஒரு டன் பாரமும்

இப்போது சாலைக்கு வருவோம். மலை தாழ்ந்திருந்தால் போக்குவரத்து எளிது என்பது யாருக்கும் தெரியும். எவ்வளவு எளிது? கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்காடு சுமார் 80 மீட்டர். இடையே தூரம் 50 கிலோமீட்டர். ஆக, 330 மீட்டர் ஏற்றம் 50 கிலோமீட்டரில் பரவிக் கிடக்கிறது. 150 அடி நடந்தால் ஓர் அடி ஏறியிருப்பீர்கள். காலுக்கே தெரியாது. நீலகிரிப் பாதையில் கல்லாறுக்கு மேலே பல்சக்கர ரயில் ஏறும் சரிவில் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம்.

பாரத்தோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள மாட்டுவண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கெட்டியான மண்பாதையில், சமதரையிலேயே அதை நகர்த்த, எடையில் சுமார் இருபதில் ஒரு பங்கு இழுவை வேண்டும்: 50 கிலோ. ஏற்றம் வந்தால் அதற்கென்று தனியாக இழுக்க வேண்டும். பாலக்காட்டுச் சரிவில் அது 1,000-ஐ 150-ஆல் வகுத்த அளவு, 7 கிலோகூட இல்லை. கல்லாறுச் சரிவிலோ 1,000-ஐ பன்னிரண்டரையால் வகுத்த அளவு, 80 கிலோ.

காளைப் பக்கம் என்ன இருக்கிறது? நல்ல காங்கேயம் காளை ஜோடி 900 கிலோ எடை இருக்கும் என்று கொள்வோம். நாள் முழுக்க அயராமல் இழுக்க வேண்டுமானால் தன் எடையில் பத்தில் ஒரு பங்குதான் மாடு இழுக்கும். ஒரு மூச்சுக்கு அதைப்போல மும்மடங்கு இழுக்கும், ஆனால் அப்படியே பத்துக் கல் போகாது. ஆகவே நம் ஜோடியின் கணக்கு 90 கிலோ.

பாலக்காட்டு வழியில் தேவைப்படுவது 57. காளைகள் அசைபோட்டுக்கொண்டே போய்விடும். மலைச்சரிவில் தேவைப்படுவது 130. வண்டி நகராது. நகர வேண்டுமானால் மொத்த எடையை 690 கிலோவாகக் குறைக்க வேண்டும். வெறும் வண்டியே 300 கிலோ என்றால், 700 கிலோ ஏற்றிய இடத்தில் 390 கிலோதான் ஏற்றலாம். அதாவது அதே சரக்குக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வண்டி, மாடு, ஆள், தீவனம். இறக்கத்தில் வண்டி மாட்டின் மேல் வந்து ஏறாமல் கட்டைபோட்டுப் பிடிக்கும் பாடு தனி.

கேரளக் கரைக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே உப்பும் மிளகும் எந்த வழியில் போயிருக்கும் என்பதற்குக் கல்வெட்டே வேண்டாம், இந்தக் கணக்குப் போதும். இருந்தாலும் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது.

ராஜகேசரிப் பெருவழி

கோவைக்குத் தென்மேற்கே சுண்டக்காமுத்தூரை அடுத்த அட்டுக்கல் பகுதியில், பாறை ஒன்றில் இராசகேசரிப் பெருவழி என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கூடவே சோழ மன்னனைப் புகழும் வெண்பா ஒன்று வட்டெழுத்தில் இருக்கிறது. ராஜகேசரி என்பது பட்டப்பெயர். இங்கே அது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் ஆதித்த சோழனைக் குறிக்கும் என்பது கல்வெட்டறிஞர்களின் முடிவு. கொங்கு நாடு சோழர் கைக்கு வந்த காலம் அது.

மன்னன் வழி அமைத்தான் என்று நாம் எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆதித்தனுக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டு முந்தியே இந்தத் திறப்பின் வழியே ரோமானியக் காசு உள்ளே வந்துகொண்டிருந்தது. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த புதையலில் மட்டும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. ஓடிக்கொண்டிருந்த வழிக்குச் சோழன் தன் பெயரை வைத்தான், காவல் கொடுத்தான், பழுது பார்த்தான். அதுவும் சின்ன வேலை அல்ல.

அந்தக் கல் இருக்கும் இடம்தான் யோசிக்க வைக்கிறது. கணவாயின் நடுவில் எத்தனையோ சமதரை இருக்க, வடக்கு மலையடிவாரத்தை ஒட்டி ஏன் போகிறது பெருவழி? இதற்கும் மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது என் ஊகம். கோவை, பல்லடம், பொள்ளாச்சி வட்டாரங்களில் செம்மண்ணுக்கு இடையிடையே கரிசல் கிடக்கிறது. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மழையில் ஊதிச் சேறாகும். நனைந்த கரிசலில் வண்டியை நகர்த்த எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இழுவை தேவைப்படலாம். நம் 1,000 கிலோ வண்டிக்கு அது 200 கிலோ. மலை ஏறுவதைவிட மோசம்! அடிவாரத்திலோ மலையிலிருந்து உருண்டு வந்த சரளை, கெட்டித் தரை, ஆண்டின் பெரும்பகுதி ஊற்றுநீர். கூட்டமாக மாடு ஓட்டிப் போகிறவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? காட்டு விலங்கும் கள்வரும் அங்கேதான் என்பது அதற்குக் கொடுத்த விலை. அரசன் பெயரைப் பாறையில் வெட்டி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வழியில் தூரம் எப்படித் தெரிந்தது? இதற்கு வேறொரு பெருவழியிலிருந்து விடை கிடைக்கிறது. தருமபுரி வட்டாரத்தில் கண்டெடுத்த அதியமான் பெருவழி மைல்கல் ஒன்றில், நாவற்தாவளத்துக்குக் காதம் 29 என்று எழுதியிருக்கிறது. எழுத்துக்குக் கீழே கல்லில் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் தோண்டியிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. படிக்கத் தெரியாத வண்டிக்காரர் இருட்டிலும் விரலால் தடவித் தூரத்தை அறிந்துகொள்ளலாம்.

சரக்கும் அதே பாறையிலிருந்து

வழியை மட்டும் பாறை கொடுக்கவில்லை. அந்த வழியில் போன சரக்கிலும் ஒரு பங்கு அதனுடையது.

ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு ஆறும்போது பெரும்பகுதி முதலில் உறைந்துவிடும். பெரிலியம்போல மற்றப் படிகங்களில் இடம் கிடைக்காத அரிய தனிமங்கள் கடைசி மிச்சத்தில் சேர்ந்துகொண்டே போகும். நீர்ச்சத்து மிகுந்த அந்த மிச்சம் சுற்றியுள்ள விரிசல்களில் புகுந்து உறையும்போது கை நீளப் படிகங்கள்கூட வளரும். பெக்மடைட் என்பது இதன் பெயர். நழுவி நொறுங்கிய நிலத்தில் விரிசலுக்கா பஞ்சம்? காங்கேயத்தை அடுத்த படியூரில் இப்படி ஒரு பெக்மடைட்டில் விளைந்ததுதான் கடல்நீர் நிறத்துப் பச்சைக்கல், பெரில். பெரில் இந்தியாவில் கிடைப்பது, பிற இடங்களில் அரிது என்று ரோம் நகரத்து பிளினி எழுதி வைத்திருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் படியூரை மறுபடி தோண்டிக் கல் எடுத்தார்கள்.

அருகிலுள்ள சிவன்மலையில் கதை வேறு. அங்கே நெஃபெலின் சயனைட் என்ற, சிலிக்கா குறைந்த பாறை. சிலிக்கா போதாத இடத்தில் அலுமினியம் தனியாக ஆக்சிஜனோடு கூடிக் குருந்தக்கல் ஆகிறது. அதில் நீலம் ஏறியது நீலக்கல். சார்னோக்கைட்டுக்குப் பெயர் வைத்த அதே ஹாலண்ட், 1901-இல் இந்தச் சிவன்மலைப் பாறைகளைப் பற்றியும் விரிவாக எழுதினார்.

நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் இவற்றுக்கெல்லாம் பட்டறை. 1985 முதல் பல கட்டமாக நடந்த அகழாய்வுகளில் அறுத்தது, தேய்த்தது, பாதி துளையிட்டது, உடைந்து தூக்கிப்போட்டது என்று மணி செய்யும் வேலையின் எல்லா நிலையிலும் கற்கள் கிடைத்தன. பெரில், நீலக்கல், பளிங்கு ஆகியவற்றோடு இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. கார்னீலியன் இந்த மண்ணில் இல்லை. அது வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆக, வழியில் இரு திசையிலும் கல் போய்வந்திருக்கிறது. கரூரிலிருந்து கொடுமணல், வெள்ளலூர் வழியாகக் கணவாயைக் கடந்து கேரளக் கரையின் முசிறித் துறைவரை வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அதில் பெரும்பகுதி நழுவுபட்டையின் போக்கிலேயே வந்து உட்காரும்.

பறவைக்கு அது கடல்

மாட்டுக்கு வாசலாக இருந்தது மலைக்காட்டு உயிர்களுக்குத் தடையாகிவிட்டது. குளிர்ந்த சோலைக்காட்டை விட்டு இறங்காத சோலைக்கிளி என்ற சிறு பறவை நீலகிரிப் பக்கம் ஓர் இனம், ஆனைமலை, பழனிப் பக்கம் வேறு இனம். அந்த முப்பது கிலோமீட்டர் வெக்கையை அது தாண்டியதில்லை. அவ்வளவு தூரம் நடக்கக்கூடிய யானைகளிலும் வடபுறத்துக் கூட்டத்துக்கும் தென்புறத்துக் கூட்டத்துக்கும் மரபணு வேறுபாடு இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறுக்கே கடக்காவிட்டாலும் அடிவாரத்தின் ஓரமாக அவை நடக்கின்றன, ராஜகேசரிப் பெருவழி போன அதே ஓரமாக. அங்கேதான் மதுக்கரைக் காட்டுக்குள் ரயில் தண்டவாளமும் போகிறது. ரயிலில் அடிபட்டு யானைகள் இறந்தபின், 2024-இல் கேமராக்களும் செயற்கை நுண்ணறிவும் கொண்ட எச்சரிக்கை அமைப்பை அங்கே நிறுவினார்கள்.

குதிரான்

மறுபடி மனிதர்களின் வழிக்கு வருவோம். 1766-இல் ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டையைப் பலப்படுத்தினார். கணவாயின் வாயை யார் பிடிக்கிறாரோ அவருக்குத்தான் மலபாரும் மைசூர்ப் பக்கமும். பின்னால் வந்த ரயில் பாதை, பாலக்காட்டிலிருந்து பாரதப்புழை போகும் போக்கிலேயே ஒற்றப்பாலம், ஷொர்ணூர் என்று வளைந்து போனது. ஆறு கண்டுபிடித்து வைத்திருந்த வழியை எஞ்சினியர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

இன்றைய தேசிய நெடுஞ்சாலை 544-க்கு அந்தப் பொறுமை இல்லை. சேலத்திலிருந்து கோவை, வாளையார், பாலக்காடுவரை அது பழைய திறப்பில்தான் வருகிறது. பிறகு ஆற்றை விட்டுவிட்டு, வடக்கஞ்சேரி வழியாகத் திருச்சூருக்குக் குறுக்கே வெட்டுகிறது. குறுக்கே நிற்பது குதிரான் மலை. பழைய சாலை வளைந்து வளைந்து அதன் மேல் ஏறி இறங்கியது. ஒரு லாரி மேட்டில் நின்றுவிட்டால் பின்னால் மணிக்கணக்கில் வண்டிகள் நிற்கும். கடைசியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இரட்டைச் சுரங்கம் குடைந்தார்கள். கேரளத்தின் முதல் நெடுஞ்சாலைச் சுரங்கமான அதன் முதல் குழாய் 2021 ஜூலை கடைசியில் திறந்தது. கோவையிலிருந்து காரில் போகிறவர் கணவாய் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினால் மலையைப் பார்க்க வேண்டாம். பகலிலேயே முன்விளக்கைப் போட வேண்டிவரும் இடம் அது.